மீட்டர் காட்டும் எண்ணும் வண்டியின் ஆயுளும்

கோயம்புத்தூரிலிருந்து தடாகம், மாங்கரை வழியாகச் செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் ஆனைகட்டியை அடைகிறது. மாங்கரை வரை பெரும்பாலும் சமவெளி. அதன்பின் காடும் ஏற்றமும் வளைவுகளும் தொடங்குகின்றன. ஆனைகட்டியில் மாநில எல்லையைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. அகளி, முக்காலி ஆகிய ஊர்களைத் தாண்டி மலைச்சரிவில் இறங்கும் அச்சாலை மண்ணார்க்காட்டைச் சென்றடைகிறது. பேருந்து செல்லாத ஊர்களுக்கு இப்பகுதியில் ஜீப்புகளே துணை. இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய், தேயிலைத் தோட்டப் பகுதிகளிலும் இதே நிலைதான். நகரத்தில் என்றோ விற்றுத் தள்ளப்பட்டிருக்கக்கூடிய பழைய வண்டிகள் பல இம்மலைகளில் இன்றும் அன்றாட உழைப்பில் உள்ளன.

வாகனக் கடன் குறித்து ஆலோசிக்க வரும் வாடிக்கையாளர்கள் பலருடைய கேள்வி ஒன்றே. “கார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இனியும் வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமா?” இக்கேள்விக்குள் இரண்டு கவலைகள் உள்ளன. ஒன்று, குடும்பத்தின் சேமிப்பு. மற்றொன்று, மலையிறக்கத்தில் அவ்வண்டியை நம்பி அமர்ந்திருப்போரின் உயிர். மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் கொண்டு இவ்விரண்டுக்கும் விடை காண இயலாது. வேறு எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மீட்டர் எதை அளக்கிறது?

ஓடிய தொலைவைக் காட்டும் கருவிக்கு ஓடோமீட்டர் என்று பெயர். இத்தகைய முகப்புக் கருவிகளை 1975 முதல் உற்பத்தி செய்துவரும் பிரிக்கால் நிறுவனம் நம் கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் தோன்றியது என்பது இப்பகுதி மக்கள் அறிந்ததே. சக்கரத்தோடு தொடர்புடைய ஒரு தண்டின் சுழற்சியைக் கணக்கிட்டு, அதனைக் கிலோமீட்டராக மாற்றிக் காட்டுவது இக்கருவியின் வேலை. பழைய கார்கள் பலவற்றில் ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999-ஐத் தாண்டியவுடன் அவை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கின. ஒரு லட்சம் கிலோமீட்டரே காரின் எல்லை என்னும் எண்ணம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதைக் கருவி சொல்லும். என்ஜின் எத்தனை முறை சுழன்றது, எத்தனை முறை குளிர்ந்த நிலையில் கிளப்பப்பட்டது, ஆயில் எப்போது மாற்றப்பட்டது, பிரேக் எவ்வளவு சூடேறியது என்பவற்றைச் சொல்லாது. வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பவையோ இவைதாம்.

சமவெளிக் கிலோமீட்டரும் மலைக் கிலோமீட்டரும்

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். சமவெளிச் சாலையில் உயர் கியரில் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், நிமிடத்துக்கு 2,000 சுற்றுகள் என்னும் அளவில் என்ஜினைச் சுழற்றுவதாகக் கொள்வோம். 30 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 24 நிமிடங்கள் ஆகும். என்ஜின் சுற்றுகள் 48,000. அதே கார் மலைப்பாதையில் தாழ்ந்த கியரில் சராசரியாக 25 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளோடு ஏறி இறங்கினால் 72 நிமிடங்கள் ஆகும். சுற்றுகள் 1,80,000. மீட்டரில் இரண்டு பயணங்களும் 30 கிலோமீட்டர்தான். என்ஜினுக்கோ இரண்டாவது பயணம் முதலாவதைப் போல் மூன்றே முக்கால் மடங்கு உழைப்பு. கிளட்ச், கியர் பெட்டி, சக்கர பேரிங், பிரேக் ஆகியவற்றின் தேய்மானமும் அதற்கேற்ப மிகும்.

குறுந்தொலைவுப் பயணமும் என்ஜினுக்குப் பகை. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஆயில் கீழே வடிந்திருக்கும். அது மேலேறி எல்லாப் பகுதிகளிலும் பரவும் வரை உலோகத்தோடு உலோகம் உரசும். என்ஜின் முழுமையாகச் சூடேறும் முன் நிறுத்திவிட்டால், எரிபொருளின் எச்சமும் ஈரமும் ஆயிலில் தங்கி அதன் தன்மையைக் கெடுக்கும். குறுந்தொலைவுப் பயணங்களில் மட்டும் ஓடி 60,000 காட்டும் கார், நெடுஞ்சாலையில் ஓடி 1,50,000 காட்டும் காரைவிட நலிந்த என்ஜினைக் கொண்டிருப்பது உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்கள் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓடிச் சூடேறினால்தான் அதில் படிந்த கரி எரிந்து தூய்மையாகும். மெதுவான குறுகிய பயணங்களே வாழ்க்கையாக உள்ளோர் டீசல் கார் வாங்குமுன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐம்பது லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்

ஒரு கார் எவ்வளவு தொலைவு ஓட முடியும்? உலகம் அறிந்த சான்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த இர்வ் கார்டன் என்னும் பள்ளி ஆசிரியரின் கார். 1966-இல் அவர் வாங்கிய வோல்வோ பி 1800 எஸ், 2013-இல் முப்பது லட்சம் மைல்களை, அதாவது 48 லட்சம் கிலோமீட்டரைக் கடந்தது. 2018-இல் அவர் மறைந்தபோது அது 50 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. பள்ளிக்குச் சென்று திரும்ப அவர் நாள்தோறும் 200 கிலோமீட்டர் ஓட்டினார். அது பெரும்பாலும் தடையற்ற நெடும்பயணம். கையேட்டில் குறித்த காலத்தில் ஆயிலும் வடிகட்டிகளும் தவறாமல் மாற்றினார். அவ்வாறிருந்தும் ஏறத்தாழ 11 லட்சம் கிலோமீட்டரில் என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க நேர்ந்தது.

மற்றொரு சான்று கிரேக்க நாட்டு வாடகைக் கார் ஓட்டுநர் கிரிகோரியோஸ் சாகினிடிஸ் என்பவருடையது. அவருடைய 1976-ஆம் ஆண்டு மெர்சிடஸ் பென்ஸ் 240 டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி 2004-இல் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அதில் ஓடியது ஒரே என்ஜின் அன்று. மூன்று என்ஜின்களை வைத்துக்கொண்டு அவர் மாற்றி மாற்றிப் பொருத்தினார்.

இவ்விருவரின் வரலாறும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. தேயும் பாகத்தை உரிய காலத்தில் மாற்றிக்கொண்டே இருந்தால் வண்டிக்கு இயற்கையான முடிவு என ஒரு கிலோமீட்டர் எண் இல்லை. மலைப்பகுதி ஜீப்புகள் நெடுங்காலம் உழைப்பதற்கும் இதுவே காரணம். மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாகக் கொணர்ந்து இணைக்கத் தொடங்கியது முதல், அவ்வகை வண்டிகளின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. தனிச் சட்டமாக அமைந்த சேஸிஸ் மீது உடல் பொருத்தப்பட்டிருப்பதால், துருவேறிய தகட்டை வெட்டி எடுத்து வேறு தகடு பற்றவைக்க முடிகிறது. பாகங்கள் சிறு நகரங்களிலும் கிடைக்கின்றன. அவ்வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் அருகிலேயே உள்ளனர். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் உடலும் சட்டமும் ஒன்றே. அடித்தளத்தில் துரு பரவிவிட்டால், என்ஜின் நன்றாக இருந்தும் அக்காரின் ஆயுள் முடிந்ததாகவே கருத வேண்டும்.

பாகங்களும் அவற்றைப் பொருத்தத் தெரிந்தோரும் கிடைக்காத நாளில் எந்த வண்டியும் ஓய்வு பெறும். அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றது. மாருதி 800-உம் அதே ஆண்டு விடைபெற்றது. எனவே, தாங்கள் வைத்துள்ள காரின் பாகங்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்டறிவது மீட்டரைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

தள்ளிப்போடக் கூடாத வேலைகள்

என்ஜின் ஆயிலை வண்டியின் கையேடு சொல்லும் கிலோமீட்டரிலோ மாதக் கணக்கிலோ, எது முதலில் வருகிறதோ அதன்படி மாற்ற வேண்டும். மலை, புழுதி, அதிகச் சுமை ஆகியவற்றில் ஓடும் வண்டிகளுக்கு அவ்விடைவெளியைக் குறைத்துக்கொள்ளுமாறு கையேடுகளே அறிவுறுத்துகின்றன. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உள்ளே துருவையும் உப்புப் படிவையும் உண்டாக்கும். உரிய கூலன்ட்டையே பயன்படுத்த வேண்டும். ஏற்றத்தில் வெப்பமானி முள் மேலே சென்ற பின்னும் வண்டியை ஓட்டினால், சில நிமிடங்களில் ஹெட் கேஸ்கட் பழுதாகிப் பல ஆயிரம் ரூபாய் செலவு வந்து சேரும்.

டைமிங் பெல்ட் உள்ள கார்களில் அதனைக் குறித்த கிலோமீட்டரில் மாற்றியே தீர வேண்டும். பல என்ஜின்களில் அப்பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி, மொத்த என்ஜினும் பாழாகும். டர்போ உள்ள வண்டியை நெடிய ஏற்றம் ஏறி முடித்த உடனே அணைக்காமல், ஓரிரு நிமிடம் நின்ற நிலையில் ஓடவிட்டு அணைப்பது நன்று. இல்லையேல் டர்போவின் கொதிக்கும் அச்சில் தங்கிய ஆயில் கருகிப் படியும்.

இறக்கத்தில் காக்கும் பாகம்

மலைச்சாலையில் என்ஜின் நின்றால் பயணம் தடைப்படும். பிரேக் நின்றால் உயிருக்கே ஆபத்து. பழைய காரை வைத்துக்கொள்வதா என்னும் கேள்வியில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கையே.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டாட் 3 என்னும் தர அளவின்படி, புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு அத்தரம் கோரும் அளவு 140 பாகை மட்டுமே. தொடர்ந்து பிரேக் அழுத்தி இறங்கும்போது சக்கரப் பகுதி கடுமையாகச் சூடேறும். அச்சூட்டில் பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால், மிதியைத் தரைவரை அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. பேடுகள் புதியனவாக இருந்தும் இது நேரலாம். ஆகையால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுவது மலைப்பகுதியில் ஓட்டுவோர்க்குக் கட்டாயம் எனலாம். அதற்காகும் செலவு மிகச் சிறிது.

எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கிறது. எரிபொருள் மிச்சமாகும் என்றெண்ணி நியூட்ரலில் இறங்குவோர் உண்டு. இன்றைய கார்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது என்ஜினுக்கு எரிபொருள் செல்வது தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் இறங்கினால்தான் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க எரிபொருள் செலவாகும். என்ஜினை அணைத்து இறங்குவது இன்னும் கொடியது. பிரேக்குக்கு வலுவூட்டும் அமைப்பும் பவர் ஸ்டீயரிங்கும் செயலிழக்கும்.

எவ்வளவு பராமரித்தாலும் பழைய காருக்குக் கிடைக்காதவை சில உள்ளன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் கட்டாயமானது. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலை முதல் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் இவை இரண்டுமே இல்லை. நாள்தோறும் குழந்தைகளோடும் முதியோரோடும் மலையேறும் குடும்பத்துக்கு, என்ஜின் நன்றாக இருப்பினும் வண்டியை மாற்ற இதுவே போதிய காரணமாகலாம்.

சட்டம் குறிக்கும் ஆண்டுகள்

சட்டம் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, ஆண்டுகளையே பார்க்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் வண்டியை ஆய்வுக்குக் காட்டி, ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். மத்திய விதிகளின்படி காருக்கான இக்கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களிலும் பழைய வண்டிகளுக்குப் பசுமை வரியும் உண்டு. மாசுச் சான்று பாரத் ஸ்டேஜ் 4-உம் அதற்குப் பிந்தையனவுமான வண்டிகளுக்கு ஓராண்டும், முந்தையவற்றுக்கு ஆறு மாதமும் செல்லும்.

ஓடும் நிலையிலிருந்தும் ஆண்டுக் கணக்கால் ஓய்வு பெற்ற வண்டிகளும் உள்ளன. மும்பையில் வாடகைக் கார்களுக்கு 20 ஆண்டு வரம்பு உள்ளது. அங்கு வாடகைக் காராகக் கடைசியாகப் பதிவான பிரீமியர் பத்மினி 2003 அக்டோபர் 29-இல் பதிவானது. எனவே 2023 அக்டோபர் 30 முதல் அக்கார்கள் அந்நகரின் வாடகைச் சேவையிலிருந்து விடைபெற்றன.

எல்லைப் பகுதியில் வாழ்வோர் மற்றொன்றையும் கருத வேண்டும். டி.என். 38 எண்ணுள்ள கோவை வண்டியை வாங்கி அட்டப்பாடியிலேயே வைத்திருப்பவர், அல்லது கே.எல். 50 எண்ணுள்ள மண்ணார்க்காட்டு வண்டியைத் தமிழகத்தில் வைத்திருப்பவர், 12 மாதங்களுக்கு மேல் அவ்வாறு வைத்திருப்பின் அம்மாநிலத்தின் பதிவெண்ணைப் பெற வேண்டும். அதற்கு முந்தைய மாநிலத்தின் தடையின்மைச் சான்று தேவை. புதிய மாநிலத்தின் வரியும் சேரும். விலை பேசும்போதே இச்செலவையும் கணக்கிட வேண்டும்.

தவணையா, பழுதுச் செலவா?

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். கீழ்க்காணும் தொகைகள் விளக்கத்துக்காகக் கொண்டவை. 8 லட்சம் ரூபாய் விலையுள்ள புதிய காருக்கு 2 லட்சம் முன்பணம், 6 லட்சம் கடன், வட்டி 9 விழுக்காடு, காலம் 5 ஆண்டுகள் எனில் மாதத் தவணை 12,455 ரூபாய். ஐந்தாண்டுகளில் செலுத்தும் தொகை ஏறத்தாழ 7,47,300 ரூபாய். இதில் வட்டி மட்டும் 1,47,300 ரூபாய். காப்பீட்டுக்காக மதிப்பிடும்போது ஐந்தாம் ஆண்டில் காரின் மதிப்பில் பாதி கழிக்கப்படும். அதையே மறுவிற்பனை மதிப்பாகக் கொண்டால் கையில் நிற்பது 4 லட்சம். பராமரிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் சேர்த்தால், ஐந்தாண்டுகளின் நிகரச் செலவு 6,07,300 ரூபாய். ஆண்டுக்குச் சராசரி 1,21,460 ரூபாய்.

பழைய காரின் இன்றைய மதிப்பு ஒன்றரை லட்சம், ஐந்தாண்டுக்குப் பின் 50,000 எனக் கொள்வோம். ஆண்டுதோறும் பழுது, டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 60,000 ரூபாயும், இடையில் ஒருமுறை என்ஜின் வேலைக்கு 80,000 ரூபாயும் ஆனால் மொத்தச் செலவு 4,80,000 ரூபாய். ஆண்டுக்கு 96,000 ரூபாய். பழைய கார் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 ரூபாய் மிச்சம் தருகிறது. என்ஜின் வேலையையும் உள்ளடக்கிய பழுதுச் செலவு ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தொட்டால் இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிடும்.

இக்கணக்கைத் தங்கள் வண்டிக்குச் செய்ய வேண்டுமானால், கடந்த மூன்று ஆண்டுகளின் பழுதுச் சீட்டுகள் வேண்டும். அவற்றை ஓர் உறையில் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். விற்கும் நாளில் அவ்வுறையே வண்டிக்கு நல்ல விலையைப் பெற்றுத் தரும். பழைய காரை வைத்துக்கொள்ள முடிவு செய்தால், புதிய கார்த் தவணையில் ஒரு பகுதியையேனும் மாதந்தோறும் தொடர் வைப்பில் போட்டுவருவது நல்லது. எதிர்பாராத என்ஜின் வேலை வந்தால் கடன் தேட வேண்டியிராது. வராவிட்டால் அடுத்த காரின் முன்பணம் கையில் இருக்கும்.

பழைய கார் வாங்குவோர்க்கு

மீட்டரைக் குறைத்துக் காட்டும் மோசடி நிலவுவதால், எண்ணைப் பிற அடையாளங்களோடு ஒப்பிடுங்கள். 40,000 காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவெனத் தேய்ந்திருந்தால் ஐயுற வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். காரைத் தூக்கி நிறுத்தி அடித்தளத்தில் துருவும் பற்றவைத்த தடங்களும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் என்ஜினைக் கிளப்பச் சொல்லிக் கேளுங்கள். முன்பே சூடேற்றி வைத்திருந்தால் காரணம் வினவுங்கள்.

ஆர்.சி.யில் ஏதேனும் வங்கியின் அடமானக் குறிப்பு இருந்தால், கடன் முடிந்ததற்கான அவ்வங்கியின் சான்றும் படிவம் 35-உம் பெற்று, அக்குறிப்பை நீக்கிய பிறகே முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும். நம்மிடம் கடனை முடித்த வாடிக்கையாளர்களுள் சிலரும் இதனைச் செய்யாமல் விட்டுவிட்டு, விற்கும் நேரத்தில் அலைகின்றனர். கடன் முடிந்த உடனே ஆர்.சி.யிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் வங்கியின் பெயரை நீக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு லட்சம் ஓடிய காரை வைத்துக்கொள்ளலாமா என்னும் கேள்விக்கு வருவோம். அடித்தளத்தில் துரு இல்லை, பிரேக் உறுதியாக உள்ளது, பாகங்கள் கிடைக்கின்றன, பதிவுக்காலம் மீதம் உள்ளது, பழுதுச் செலவு மேற்கண்ட வரம்புக்குள் நிற்கிறது என்றால் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். துருவோ பிரேக்கோ குறையுடையதாயின், 60,000 மட்டுமே ஓடிய காராயினும் அதனை நம்பி மலையேற வேண்டாம். எம்முடிவுக்கு வந்தாலும், கையெழுத்திடும் முன் பழுதுச் சீட்டு உறையோடு தங்கள் கிளைக்கு வாருங்கள். கணக்கை நாம் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.